தோள் குத்தி விழுந்தது, ஏசி ஜாயின்ட் கிரேடு 3: பவுச்சிலிருந்து டிரெயில் வரை

#1 கல்லுப்பாதை

நண்பர் ஒருத்தருக்காகக் கேக்குறேன். வயசு 34, எடை 72 கிலோ, கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலை, சர்க்கரை கிடையாது. எம்டிபி (கரடுமுரடான பாதையில ஓட்டுற மவுன்டன் பைக் சைக்கிள்) முன்சக்கரம் கல்லுல மாட்டி, ஹேண்டில்பாருக்கு மேல தூக்கிப்போட்டு, இடது தோள் முனை நேரா தரையில குத்தியிருக்கு. கை உடம்போட ஒட்டி இருந்தப்ப விழுந்தது. எக்ஸ்ரே எடுத்தாச்சு: எலும்பு முறிவு இல்ல, ஏசி ஜாயின்ட் கிரேடு 3. ஆர்ம் பவுச் (கையைத் தாங்க கழுத்துல மாட்டற துணிப்பை) 3 வாரம், அப்புறம் பிசியோ, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்கு 4-வது நாள்.

கேள்விகள்: தோள் மேல நிக்கிற மேடு இறங்குமா? ராத்திரி எப்படிப் படுக்கறது? ஸ்கூட்டர் எப்போ, டிரெயில் (சைக்கிள் ஓட்டுற கல்லு மண் பாதை) எப்போ? ஆபரேஷன் பண்ணாம விட்டா கை பலவீனமாயிடும்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க, அது உண்மையா?

#2 காறையெலும்பு

முதல்ல மேடு விஷயம், ஏன்னா அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுவாங்க. (சென்னையில "ஏசி போயிடுச்சு"ன்னு சொன்னா வீட்டுக்கு மெக்கானிக் வருவார். இது அந்த ஏசி இல்ல.)

காறை எலும்போட வெளிமுனையும், தோள்பட்டை எலும்போட மேல்கூரை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற அக்ரோமியனும் சேர்ற இடம்தான் ஏசி ஜாயின்ட். அங்கே ரெண்டு கட்டு இருக்கு. ஒண்ணு ஜாயின்ட்டைச் சுத்தி இருக்கிற ஏசி நார்கள். இன்னொண்ணு, கொஞ்சம் உள்ளே தள்ளி, காறை எலும்பைக் கீழே கோரகாய்டுங்கிற எலும்பு மூக்கோட இழுத்துக் கட்டுற ரெண்டு நார்கள். கிரேடு 1-ல ஏசி நார் இழுபட்டிருக்கும், அவ்வளவுதான். கிரேடு 2-ல அது அறுந்து, கீழ்க்கட்டு இழுபட்டிருக்கும். கிரேடு 3-ல ரெண்டும் போச்சு.

அப்போ காறை எலும்பு மேலே எழும்பின மாதிரி தெரியும். உண்மையில அது பெருசா நகர்றதில்ல, கையும் தோள்பட்டையும்தான் எடை தாங்காமக் கீழே தொங்குது. கை முழுசும் உடம்போட எலும்பு வழியா சேர்றது காறை எலும்பு ஒண்ணு மூலமாத்தான். அந்தக் கட்டு அறுந்ததும் மொத்தச் சுமையும் தசை மேல விழுது. பிசியோவுல தோள்பட்டைத் தசைகளைப் போட்டு வாட்டி எடுக்கறதுக்குக் காரணம் இதுதான்.

கிரேடு 3 மேடு ஆபரேஷன் இல்லாம முழுசா இறங்காது. வீக்கம் வடிஞ்சதும் சின்னதாத் தெரியும், சட்டை போட்டா யாருக்கும் தெரியாது. மேடு இருக்கறதும் பலம் இல்லாததும் வேற வேற சமாச்சாரம்.

எந்த எக்ஸ்ரே எடுத்தாங்கன்னு பாருங்க. நேர்ப்படம் ஒண்ணு மட்டும்னா போதாது. கதிரை 10-15 டிகிரி மேல்நோக்கிச் சாய்ச்சு எடுக்கற ஜாங்கா படம் ஜாயின்ட்டைத் தெளிவாக் காட்டும். அக்குள் வழியா எடுக்கற படம் ரொம்ப முக்கியம். காறை எலும்பு பின்பக்கமாத் தள்ளிப்போன கிரேடு 4, நேர்ப்படத்துல சாதுவான கேஸ் மாதிரியே தெரியும். அதுக்கு வைத்தியமே வேற.

#3 கல்லுப்பாதை

நேர்ப்படமும், ரெண்டு தோளும் சேர்ந்த படமும்தான் இருக்கு. அக்குள் படம் இல்ல. மறுபடி போகும்போது கேக்கச் சொல்றேன்.

#4 கொண்டைஊசி14

கேக்கச் சொல்லுங்க, இந்த வாரத்துக்குள்ளேயே.

பவுச்சைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா பத்துல எட்டுப் பேர் தப்பாத்தான் மாட்டுறாங்க. முழங்கை 90 டிகிரி மடங்கணும், முழங்கையை விட உள்ளங்கை ஒரு விரலளவு மேலே இருக்கணும். பவுச் விரல் முட்டி வரைக்கும் வரணும். மணிக்கட்டு வெளியே தொங்கினா ரெண்டு நாள்ல புறங்கை வீங்கிடும். முழங்கை பவுச்சோட மூலையில நல்லாப் பதிஞ்சிருக்கணும், அப்போதான் கையோட எடையை அது தூக்கும். பட்டையை எதிர்த் தோள் மேல விடுங்க. கழுத்து எலும்பு மேல உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள தலைவலி வரும். மெடிக்கல் ஷாப்புல அளவு கேட்டு வாங்கணும். முழங்கையிலிருந்து விரல் முட்டி வரைக்கும் டேப்பில் அளந்துட்டுப் போங்க.

நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ரெண்டு பவுச் வேணும், ஒண்ணு மாட்ட, ஒண்ணு துவைக்க. அக்குள்ல வேர்வை தேங்கி 3-வது நாளே சிவந்து அரிக்கும். பழைய காட்டன் வேட்டித் துணியை நாலா மடிச்சு வெச்சு, ஈரமானதும் மாத்துங்க. பவுடரைக் கொட்டாதீங்க, வேர்வையோட சேர்ந்து களியாகி இன்னும் உரசும். குளிக்கும்போது இடுப்புல வளைஞ்சு முன்னால குனிஞ்சா கை தானாகத் தொங்கி அக்குள் திறக்கும். கையைத் தூக்கவே வேண்டாம், கழுவி ஒத்தித் துடைச்சுடலாம். பக்கெட்டும் சொம்பும் நல்ல கைக்கு.

சட்டை: முன்பக்கம் பட்டன் வெச்சது மட்டும். போடும்போது அடிபட்ட கை முதல்ல, கழட்டும்போது அது கடைசியில. டி-ஷர்ட்டை ஆறு வாரத்துக்கு மறந்துடுங்க.

படுக்கறது: மல்லாந்து, முதுகுக்கு 2-3 தலையணை வெச்சு சாய்ஞ்ச மாதிரி. முக்கியமானது முழங்கைக்கு அடியில வைக்கிற சின்னத் தலையணை. முழங்கை உடம்புக்கோட்டுக்குப் பின்னால சரிஞ்சா ஜாயின்ட் திறந்து, ராத்திரி 2 மணிக்கு எழுப்பி விடும். நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா, நெஞ்சோட ஒரு தலையணையைக் கட்டிப்பிடிச்சு அது மேல அடிபட்ட கையை வையுங்க.

#5 பெடல்பாண்டி

நல்லெண்ணெய் காய்ச்சி சூடா உருவி விட்டா ஒரே வாரத்துல சரியாகும். இல்லன்னா கட்டுக் கட்டுற இடத்துல போய் இறுக்கிக் கட்டிட்டு வரலாமே. இவ்வளவு பெரிய பேச்சு எதுக்கு?

#6 இயன்முறை_கே

பாண்டி அண்ணே, எண்ணெய் மேல எனக்குக் கோபம் இல்ல, நேரம்தான் தப்பு. முதல் 3-4 நாள் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் இருக்கும். அந்த நேரத்துல சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டும். அறுந்த நாரைக் கையால உருவி ஒட்ட வைக்க முடியாது. எக்ஸ்ரே பார்க்காமத் தோளைப் பிடிச்சு "தட்டி உள்ளே தள்ளுறது" இதை விட ஆபத்து. மேடு தெரியுதேன்னு அழுத்தி இறுக்கிக் கட்டினா, அந்த எலும்பு முனையில தோல் செத்துப் புண்ணாகும். 3 வாரம் கழிச்சு, பிடிச்சுக்கிட்ட கழுத்துத் தசைக்கு லேசா எண்ணெய் தடவி விடுங்க, தாராளமா. மேட்டு மேல மட்டும் வேண்டாம்.

இப்போதைக்கு ஐஸ். 15 நிமிஷம், ஒரு நாளைக்கு 3-4 தடவை, துணி சுத்தி. ஃப்ரீசர்ல வெச்ச பச்சைப் பட்டாணிப் பாக்கெட் தோளோட வளைவுக்குச் சரியா உக்காரும். பால் பாக்கெட்டை உறைய வெச்சா கல்லு மாதிரி ஆகி, மேட்டு மேலயே குத்தும்.

மாத்திரை: பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு 4-க்கு மேல வேண்டாம். வலிக்குன்னு எழுதித் தர்ற அசெக்ளோஃபெனாக் மாத்திரைகள்ல நிறைய, பாராசிட்டமால் சேர்ந்தே வருது. அட்டையைத் திருப்பிப் படிங்க, இல்லன்னா தெரியாம ரெண்டு மடங்கு உள்ளே போகும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையை வெறும் வயித்துல போடாதீங்க. அல்சர், சிறுநீரகப் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேக்காமத் தொடவே கூடாது. மழைக்காலத்துல காய்ச்சலும் சேர்ந்து வந்தா இந்த வகையை உடனே நிறுத்திட்டு டெங்கு டெஸ்ட் எடுங்க. டெங்குல இது ரத்தக்கசிவைக் கூட்டும்.

#7 காறையெலும்பு

இழையைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு. எல்லாத் தோள் அடியும் ஏசி ஜாயின்ட் இல்ல. கீழே உள்ளதுல எது இருந்தாலும் ஐஸ், பவுச்னு வீட்டுல உக்காராம அன்னைக்கே போகணும்:

தோளோட உருண்டை வடிவம் போய் சதுரமாத் தட்டையாத் தெரிஞ்சா, மூட்டே கழண்டிருக்கலாம். தோளோட வெளிப்பக்கம், சட்டைக் கை மேல பேட்ஜ் தைக்கிற இடம், தொட்டா மரத்திருந்தா நரம்பு அடிபட்டிருக்கு. விரல் சில்லிட்டு வெளுத்துப்போறது. காறை எலும்பு முறிஞ்சு தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி நிக்கறது. காறை எலும்போட கழுத்துப்பக்க முனை உள்ளே போய் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாகறது (இது அபூர்வம், ஆனா உயிர்ப் பிரச்சினை). ஹெல்மெட் உடைஞ்ச விழுதல்னா தலை, கழுத்து. டிரெயில்ல இருந்து நகர முடியலன்னா 108.

கழண்ட மூட்டை டிரெயில்லயே இழுத்துச் சொருகற வீரத்தை யாரும் பண்ண வேண்டாம். கூடவே முறிவு இருந்தா நரம்பும் ரத்தக்குழாயும் மாட்டிக்கும்.

#8 வண்டலூர்வண்டி

கிரேடு 3-க்கு ஆபரேஷன் பண்றதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன். இளவயசு, சைக்கிள் ஓட்டுறவர். எதுக்கு ஆயுசுக்கும் மேட்டோட இருக்கணும்?

#9 காறையெலும்பு

மேட்டுக்காக மட்டும்னா வேண்டாம் சார். மேட்டுக்குப் பதிலாத் தழும்பு வரும், அவ்வளவுதான். கிரேடு 4, 5, 6-க்கு (எலும்பு இன்னும் மோசமா விலகினது) பொதுவா ஆபரேஷன்தான். 3-ல பெரும்பாலான டாக்டர்கள் முதல்ல ஆபரேஷன் இல்லாமப் பார்ப்பாங்க. காரணம், ஒழுங்கா உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கு நாளடைவுல கையோட பயன்பாடு ரெண்டு வழியிலயும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வருது. ஆபரேஷன்ல தொற்று, கட்டு தளர்றது மாதிரி கூடுதல் தொல்லைகள் உண்டு. கொக்கித் தகடு வெச்சா சில மாசத்துல அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். பட்டன், நூல் வெச்சுக் கட்டுற முறையில அது வேண்டியிருக்காது. ஆனா அதுலயும் ஏறக்குறைய 6 வாரம் பவுச் உண்டு.

தலைக்கு மேல கனம் தூக்குற தொழில் செய்றவங்க, பந்து எறியிற விளையாட்டுக்காரங்க கணக்கு வேற. இந்த நண்பர் 6 வாரத்துல மறுபடி காட்டணும். கையை முன்னால தூக்கும்போது தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கை மாதிரி எழும்புதான்னு பார்ப்பாங்க. பயிற்சி பண்ணியும் அது அடங்கலன்னா அப்போ ஆபரேஷனைப் பேசலாம்.

#10 இயன்முறை_கே

பயிற்சிக்கு வர்றேன். வாரக்கணக்கு ஒரு உத்தேசம்தான், பிசியோ நேர்ல பார்த்துச் சொல்றதுதான் கணக்கு.

முதல் நாள்லயிருந்தே, பவுச்சைக் கழட்டி ஒரு நாளைக்கு 4-5 தடவை: முழங்கையை முழுசா நீட்டி மடக்கறது 10, மணிக்கட்டைச் சுத்தறது 10, முஷ்டி மூடித் திறக்கறது 20. இதை விட்டவங்களுக்கு 3 வாரம் கழிச்சு முழங்கை நீளாது. தோளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் முழங்கைக்குப் பார்ப்பாங்க.

வலி கொஞ்சம் அடங்கினதும், பெரும்பாலும் 2-வது வாரம்: நல்ல கையை டேபிள்ல ஊனிக் குனிஞ்சு, அடிபட்ட கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதைச் சின்ன வட்டமாச் சுழல விடுங்க. கை தானா ஆடணும், தோள் ஆட்டக்கூடாது. அடுத்து டேபிள் மேல துண்டைப் போட்டு அதுல உள்ளங்கையை வெச்சு முன்னால தள்றது, தோள் மட்டத்துக்கு மேல போகாம. உக்காந்தபடி ரெண்டு தோள்பட்டையையும் பின்னால, கொஞ்சம் கீழே இழுத்து 5 விநாடி பிடிக்கறது, 10 தடவை. காதை நோக்கி மேலே தூக்கினா அது தப்பு. கழுத்துத்தசை ஏற்கனவே ஓவர்டைம் பார்க்குது.

3-லிருந்து 6: பவுச் போயாச்சு. மாப் குச்சியை ரெண்டு கையிலயும் பிடிச்சு, நல்ல கை தள்ள, அடிபட்ட கை பின்தொடர மேலே தூக்கறது. சுவத்துல துண்டு மடிச்சு வெச்சு முஷ்டியால அழுத்தறது, 30 சதவீத பலத்துல 5 விநாடி. சுவத்துல விரலால ஏறிப் போய் எட்டின உயரத்துல பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க. கோடு வாராவாரம் ஏறலன்னா பிசியோகிட்ட பேச ஆதாரம் கையில இருக்கும்.

6-லிருந்து 10: இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. வலி போயிருக்கும், ஆபீஸ் வேலை ஓடும், பிசியோவுக்குப் போறது நின்னுடும். ஆனா தோள்பட்டைத் தசை இன்னும் பாதி பலத்துலதான் இருக்கும். தெரபேண்ட் (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) சிவப்புல ஆரம்பிங்க (மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கருப்புன்னு இறுக்கம் ஏறும்). முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல மடிச்ச துண்டு, முழங்கை 90 டிகிரி, முன்கையை வெளியே திருப்பறது 15 வீதம் 3 சுற்று. கதவுக் கைப்பிடியில பேண்டைக் கட்டிப் பின்னால இழுக்கறது 3 சுற்று. அப்புறம், மல்லாந்து படுத்து ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நேரா மேலே பிடிச்சு, முழங்கை மடங்காம, தோள்பட்டை மட்டும் தரையிலிருந்து எழும்பற மாதிரி கூரையை நோக்கிக் குத்தறது. பார்க்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். அந்த இறக்கை அடங்கறது இதாலதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

வலி அளவுகோல்: 10-க்கு 3 வரைக்கும் செய்யும்போது வரலாம், மறுநாள் காலையில அடங்கியிருக்கணும். அடங்கலன்னா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, மொத்தமா நிறுத்தாதீங்க.

தள்ளிப் போட வேண்டியது: அடிபட்ட கையை நெஞ்சுக்குக் குறுக்கே எதிர்த் தோளுக்கு இழுக்கறது, டிப்ஸ், பெஞ்ச் பிரஸ், 20 லிட்டர் வாட்டர் கேன். கேன் 20 கிலோ. தூக்கறது கூட இல்ல, டிஸ்பென்சர் மேல கவுக்கற அந்த ஒரு திருப்புதான் ஏசி ஜாயின்ட்டுக்கு எமன். 12 வாரம் வரைக்கும் கேன் போடறவரே கவுத்துட்டுப் போகட்டும்.

#11 கல்லுப்பாதை

ரொம்ப நன்றி. பிசியோ செலவு ஒரு சிட்டிங்குக்கே நிறைய ஆகுது. வாரத்துக்கு எத்தனை தேவை? அவங்க அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால ஏதாவது?

#12 இயன்முறை_கே

தினமும் போகத் தேவையில்ல. வாரம் ஒண்ணு, சரியாச் செய்றாரான்னு பார்க்க. மீதி வீட்டுல. மெஷின் வெச்சு 20 நிமிஷம் படுக்க வெச்சு அனுப்பறாங்கன்னா அந்தக் காசுக்கு தெரபேண்ட் நாலு கலரும் வாங்கிடலாம். சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், ராயப்பேட்டை, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகள்ல எலும்புப் பிரிவும் பிசியோவும் உண்டு. கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே தனியா இருக்கு. எக்ஸ்ரே ஃபிலிமையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோட எடுத்துட்டுக் காலையிலயே போகணும்.

அப்பாவுக்குச் சர்க்கரைன்னா இவர் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கறது நல்லது. சர்க்கரை உள்ளவங்களுக்குத் தோள் இறுகி உறைஞ்சு போற வாய்ப்பு அதிகம். அவங்க பவுச்சுல தேவைக்கு மேல ஒரு நாள் கூட இருக்கக்கூடாது.

#13 வண்டலூர்வண்டி

ஸ்கூட்டர் பத்திக் கேட்டிருந்தீங்க. பவுச்சோட ஒத்தக் கையில ஓட்டவே கூடாது. இடது கைன்னா ஆக்சிலேட்டர் இல்லையேன்னு சிலர் கிளம்பிடறாங்க. ஸ்கூட்டர்ல பின் பிரேக் இடது கையிலதான், பைக்ல கிளட்ச். நாய் குறுக்கே வந்தா ரெண்டு கையும் ஹேண்டில்ல முழு பலத்தோட ஊனணும். ஏறக்குறைய 6 வாரம், அதுவும் சுவத்துல 20 தண்டால் வலி இல்லாம எடுத்தப்புறம். சென்டர் ஸ்டாண்ட் போடறது இன்னும் ரெண்டு வாரம் தள்ளி.

அது வரைக்கும் மெட்ரோதான் தோளுக்குச் சுகம், குலுக்கல் கிடையாது. ஆட்டோல அடிபட்ட தோள் நடுப்பக்கம் வர்ற மாதிரி உக்காருங்க. ஸ்பீட் பிரேக்கர்ல கம்பியில இடிக்காது. பஸ்ல மேல் கம்பியை அந்தக் கையால பிடிக்கவே கூடாது. டிரைவர் ஒரு பிரேக் போட்டா மூணு வாரப் பலன் போச்சு.

#14 கொண்டைஊசி14

சைக்கிளுக்கு வருவோம். 2-3 வாரத்துலயே டிரெயினர்ல (சைக்கிளை ஒரே இடத்துல நிறுத்தி மிதிக்கிற ஸ்டாண்ட்) கால் சுத்தலாம், பவுச் மாட்டியபடி, நிமிர்ந்து, ஹேண்டில்பார்ல சாயாம, 30 நிமிஷம். நேரா ஃபேன். வேர்த்து ஊறின பவுச்சை உடனே மாத்தணும். 6 வாரத்துக்கு மேல ரெண்டு கையும் வெச்சு, 8-வது வாரம் ஈசிஆர் மாதிரி சமதளத் தார் ரோடு, விடியக்காலையில, கூட்டத்தோட உரசாம. மலை ரோடு இறக்கத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஏலகிரியோட 14 கொண்டை ஊசியும் தார்தான், ஆனா இறங்கற நேரம் முழுக்க பிரேக் பிடிச்சுக்கிட்டு உடம்பு எடையைக் கையால தாங்கறோம். அது 10-வது வாரத்துக்கு அப்புறம்.

டிரெயிலுக்கு 12 வாரம்னு காலண்டரைப் பார்க்காதீங்க. இதைப் பாருங்க: கை ரெண்டும் ஒரே உயரத்துக்கு வலி இல்லாமப் போகுதா. தரையில 10 தண்டால். பிளாங்க்ல (தண்டால் எடுக்கற நிலையில) நின்னு மாத்தி மாத்தித் தோளைத் தொடறது பக்கத்துக்கு 10, இடுப்பு சாயாம. கடைசியா, சோபா முன்னாடி மண்டி போட்டு, முன்னால விழுந்து ரெண்டு உள்ளங்கையாலயும் தாங்கறது, 5 தடவை. விழப்போற விளையாட்டுக்குத் திரும்பறோம், விழுந்து தாங்கிப் பார்க்காமப் போகக் கூடாது. இதுல ஒண்ணு தேறலன்னாலும் இன்னும் ரெண்டு வாரம் தெரபேண்ட்.

அதுக்கு முன்னாடி வண்டி. ஹெல்மெட் தரையில பட்டிருந்தா, விரிசல் தெரியலன்னாலும் புதுசு. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற துண்டு) போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சுத்தி விடுங்க, முனை வட்டம் அடிச்சா வளைஞ்சிருக்கு. கார்பன் ஹேண்டில்பார்ல ஆழமான கீறல்னா யோசிக்காம மாத்தணும். திரும்ப மாட்டும்போது ஸ்டெம்மோட முன்தட்டு நாலு போல்ட்டும் குறுக்கு மறுக்கா, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஆனா ஸ்டெம்ல அச்சடிச்சிருக்கறதுதான் சட்டம். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கற, அமுங்கி எழும்பற கவை) காலைத் துடைச்சு விரல் நகத்தால வருடுங்க, நகம் மாட்டற கீறல் இருந்தா சீல் கிழியும்.

முன்சக்கரம் ஏன் மாட்டிச்சுன்னும் பாருங்க. 72 கிலோவுக்கு 2.25 இன்ச் டயர்ல 40 பிஎஸ்ஐ அடிச்சிருந்தா அது கல்லுல குதிக்கும், பிடிக்காது. டியூப்லெஸ்னா முன்னால 22-24, டியூப்னா 26-28, பாம்புக்கடி பஞ்சர் (டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி ரெண்டு ஓட்டை விழறது) வராத அளவுக்கு. வண்டி மேல ஏறி நின்னா ஃபோர்க் 20-25 சதவீதம் இறங்கணும். ரீபவுண்ட் (அமுங்கின ஃபோர்க் திரும்ப எழும்பறது) ரொம்ப வேகமா இருந்தா கல்லு தாண்டினதும் ஹேண்டிலைத் தோள்ல தள்ளும், ஒண்ணு ரெண்டு கிளிக் மெதுவாக்குங்க.

#15 கல்லுப்பாதை

கேட்டுச் சொல்லிட்டேன்: டயர்ல 45 இருந்திருக்கு. அக்குள் எக்ஸ்ரே நாளைக்கு. கடைசியா ஒண்ணு, தண்ணிப் பை முதுகுல மாட்டிக்கிட்டுத்தான் ஓட்டுவார். பட்டை சரியா அந்த மேட்டு மேலதான் உக்காருது.

#16 கொண்டைஊசி14

முதுகுப்பை கொஞ்ச மாசத்துக்கு வேண்டாம். 2 லிட்டர் தண்ணின்னா 2 கிலோ, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பட்டை மேட்டை அழுத்தி உரசும். ஃபிரேம்ல ரெண்டு பாட்டில் கேஜ், டூலுக்கும் டியூபுக்கும் இடுப்புப் பை. லேப்டாப் பையையும் வலது தோளுக்கு மாத்தச் சொல்லுங்க.

#17 காறையெலும்பு

நாளைக்குப் படம் வந்ததும் "பின்பக்கம் தள்ளியிருக்கா"ன்னு அந்த வார்த்தையிலயே டாக்டரைக் கேக்கச் சொல்லுங்க. இல்லன்னு சொன்னா, #10-ல இருக்கறதை அப்படியே ஆரம்பிக்கலாம்.

#18 பெடல்பாண்டி

அந்த தெரபேண்ட் சிவப்பு ஒண்ணு எனக்கும் வேணும், ஒரு ஆளுக்கு எத்தனை மீட்டர் வாங்கணும்?

#19 இயன்முறை_கே

ஒன்றரை மீட்டர் போதும் அண்ணே. வெயில் படாம வையுங்க, நுனியில சின்ன வெடிப்பு தெரிஞ்சதுமே தூக்கிப் போடுங்க, அறுந்தா நேரா முகத்துலதான் அடிக்கும்.